இல்லாத எதிரி

மழை விட்ட காலை. இலைகளில் சொட்டும் நீரில் வெயில் மின்னுகிறது. மாட்டுங்கா பூங்காவின் ஈரமான பெஞ்சில், பறவை பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள் பாகீரதி மாமியும் பக்கத்து ஃப்ளாட் வெங்கியும். "எங்காத்து பால்கனி செம்பருத்தி மழையிலே அழுகிப் போயிடுத்துடா," என்கிறாள் மாமி. வெங்கி தலையாட்டியபடியே, போட்டோவுக்காகப் பறவையை வரவழைக்க, குண்டுகரிச்சானின் பாட்டை மொபைலில் ஒலிக்கவிடுகிறான். குஞ்சுகளுக்குப் புழுவோடு மரப்பொந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆண் பறவை சட்டென்று திரும்புகிறது. தன் எல்லைக்குள் இன்னொருவனா? அலகிலிருந்த புழு சேற்றில் விழுகிறது. வாலை விறைத்து, கிளை கிளையாகத் தாவிப் பாடுகிறது. பொந்தில் குஞ்சுகள் கத்துகின்றன. வெங்கி காமிராவை உறையில் வைத்த பிறகும் பாட்டு ஓயவில்லை. மாமி பைனாகுலரைத் தாழ்த்துகிறாள். "போறும்டா, அந்தப் பாட்டை ஆஃப் பண்ணேன்." "அப்பவே பண்ணிட்டேன் மாமி," என்கிறான் வெங்கி.