நான்கு விரல் உயரம்

அப்பா குனிந்து, காரின் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைத்தார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருடமாக வண்டி ஏறும் முன் அவர் செய்கிற முதல் வேலை இதுதான். நான்கு விரல் சரியாக நுழைய வேண்டும்.

நுழைந்தன.

அவர் ஹவானா ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியோடு கிடந்த இரண்டு மாதத்தில், ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் ஊர் வரை ஓட்டி வந்து இன்ஜினை விரிசல் விட வைத்தவள் நான். தாத்தா வாங்கிய நாளிலிருந்து மாற்றாத இன்ஜின் என்று மத்தான்சாஸில் எங்கள் தெருவே பெருமை பேசிய இன்ஜின். எங்கள் ஊரில் பழைய கார்கள் ஏராளம்; சொந்த இன்ஜினோடு ஒன்று இன்னமும் ஓடுவதுதான் அதிசயம்.

தெரிந்தால் அப்பாவின் நெஞ்சு தாங்குமா என்று பயந்தேன்.

பக்கத்து வீட்டு மெக்கானிக் யோவான்ட்ரி எங்கிருந்தோ ஒரு டீசல் இன்ஜினைப் பிடித்து வந்து இறக்கினான். நல்ல கனம். வண்டியின் முன்பக்கம் மண்டி போட்டுவிட்டது. சக்கரத்துக்கு மேலே இரண்டு விரல்கூடப் போகவில்லை.

"சத்தத்த விடுங்கக்கா, பெரியவருக்குத்தான் காது கேக்காதே. ஆனா உக்காந்தா உடம்புக்குத் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் வழி பண்ணணும்" என்றான்.

ஒரு பழைய வேனின் தடித்த ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து மாட்டினான். இப்போது முன்பக்கம் வானம் பார்த்தது. கழற்றினான், அரைச் சுற்று அறுத்தான், மறுபடி மாட்டினான். மூன்று நாள் இதே கூத்து. பிரேக் வேலை நடக்கிறது என்று, அதற்குள் வீடு திரும்பியிருந்த அப்பாவிடம் புளுகிவிட்டு, அவர் மதியம் தூங்கும்போது விரல்களின் அகலத்தை நூலில் அளந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்று ஞாயிறு. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடற்கரைச் சாலையில் ஓட்டினேன்.

வளைவில் பிரேக் போட்டேன். முன்பக்கம் பழையபடி மெல்லக் குனிந்து நிமிர்ந்தது. சின்ன வயதில் பின்சீட்டில் அம்மா மடியில் தூங்கும் என்னை எழுப்பிவிடும் அதே குனிவு. எனக்கே கண் கலங்கிவிட்டது.

அப்பா முகத்திலும் சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"டீசல் வாசனையும் நல்லாத்தான் இருக்கு" என்றார், காது கேளாதவரின் உரத்த குரலில். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

வாசனையை நானும் யோவான்ட்ரியும் யோசிக்கவே இல்லை.

வண்டியை ஓரங்கட்டினேன். அவர் பானட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"கல்யாணமான புதுசுல, உன் தாத்தா கரும்பு வெட்டுக்குப் போயிருந்தப்ப, அவரு இன்ஜின நான் கொன்னேன் மைலின். ஒரு லாரி இன்ஜினத் தூக்கி வெச்சு, ஸ்பிரிங்க மாத்தி, அவரு திரும்பறதுக்குள்ள உசரத்தச் சரி பண்ணிட்டேன். அவருக்குக் காது நல்லாவே கேக்கும். ஏறி உக்காந்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. நானும் சொல்லல. அப்படியே செத்தும் போயிட்டாரு."

பிறகு என் பக்கம் முழுவதுமாகத் திரும்பி, என் உதடுகளில் கண்ணை வைத்தார்.

"நீயாவது சொல்லிடு" என்றார்.