பென்சில் சாட்சி

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வோர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கும்படி பியூலா வந்து கேட்டபோது, சபைப் போதகர் தேவபிச்சை ஐயருக்குக் கிழமை குழம்பிவிட்டது. அவள் கணவனுக்கு இருதய ஆபரேஷன் வியாழக்கிழமை. அவள் வந்து நின்றதோ செவ்வாய்க்கிழமை. நடந்து முடிந்ததற்கு நன்றி சொல்வதுதான் சாட்சி. நடக்கப்போவதற்கு அந்தச் சபையில் யாரும் இதுவரை இடம் பிடித்ததில்லை. ஆனால் மூன்று வாரமாக விசுவாசத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தவர் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? எழுதினார், பென்சிலில்.

“பேனாவுல எழுதுங்க ஐயா.”

“எழுதலாம்மா. கர்த்தரோட சித்தம் வேற மாதிரி இருந்துட்டா?”

“அப்பவும் வருவேன்லா. சொல்லுத வார்த்தைதான் மாறும்.”

“அழுதுட்டா?”

“அழுதுக்கிட்டே சொல்லுதேன். நீங்க மைக்கை மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க.”

வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அவள் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டத்துக்கும் அடக்கத்துக்கும் சபைப் பெண்கள் உடுத்துவது அதுதான் என்பதால், ஐயரால் அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கு மணிக்கு முடியும் என்றார்கள்; ஐந்தரை ஆகிவிட்டது. ஐயர் ஜெபித்துப் பார்த்தார். ‘குணமாக்கும்’ என்று வாயெடுக்கும் முன்பே ‘உமக்குச் சித்தமானால்’ முந்திக்கொண்டு வந்தது. அது பணிவா, பயமா என்று அவருக்கே சந்தேகம்.

கதவின் மேலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கியது. பியூலா எழுந்து கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். ஐயர் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் பேனாவை வாங்கி, கதவு திறப்பதற்குள், சட்டைப் பையிலிருந்த பட்டியலை விரித்து, அவள் பெயரின் மேல் அழுத்தி எழுதத் தொடங்கினார்.