தப்பான பதில்

“ஜப்பான் திமிர் பிடிச்ச நாடு. சும்மா வீம்புக்குத்தான் பேர்ல் ஹார்பர்ல புகுந்து அமெரிக்காவோட கப்பல் படைய அடிச்சது.”

தர்மினி சொல்லிவிட்டு, வரலாற்று ஆசிரியர் குலத்தின் முகத்தையே பார்த்தாள். திட்டு விழவேண்டிய பதில். விழவில்லை.

“சரி, இத கேளுங்க. முன்கூட்டியே தேதி சொல்லிட்டுத்தான் வந்து அடிச்சாங்க. அமெரிக்காவ மொத்தமா பிடிச்சு ஆளணும்னு ஆசை.”

சக்கர நாற்காலியில் இருந்த குலம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வாயோரம் வழிந்த எச்சிலைத் தர்மினி துண்டால் ஒற்றி எடுத்தாள்.

அவர் அவளுடைய அப்பா. பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. டுரியான் துங்கால் வட்டாரத்தில் பாதிப் பேருக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்த வாயிலிருந்து மாதக்கணக்கில் ஒரு சொல் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் இந்த யோசனையைச் சொன்னாள். “அவருக்கு ரொம்பப் பிடிச்சத பேசுங்கக்கா. கோபம் வந்தாக்கூட பரவால்ல. சில பேருக்குக் கோபத்துல வார்த்தை வந்துரும்.”

பேர்ல் ஹார்பர்தான் அவருக்கு மிகவும் பிடித்த பாடம். அன்றிலிருந்து தர்மினி புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும், அப்பா எதிரில் உட்கார்ந்து விதவிதமாகத் தப்பு தப்பாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“போதும்லா, விடு” என்றாள் அம்மா சந்திராதேவி. குலத்தின் கைலிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். “வேணும்னே உளறுறவன அவர் கிளாஸ்லயே கண்டுக்க மாட்டார். நல்லா படிச்சிட்டு வந்து கோட்டை விடுறவனத்தான் விட மாட்டார்.”

“இன்னிக்கு ஒரு நாள்தானே இருக்கும்மா. சொல்லிப் பாக்குறேன்.”

அப்பாவை அழைத்துப்போக முதியோர் இல்லத்து வேன் வரவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. தர்மினிக்கு இனி லீவு கிடையாது. அவரைத் தூக்கப்போய் அம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. உதவிக்கு வைத்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். மெல்பர்னில் இருக்கும் தம்பி சஞ்சீவ், “நீயே பாத்து முடிவெடு அக்கா” என்று போனை வைத்துவிட்டான்.

நேற்றிலிருந்து அப்பா சாப்பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. “நாம பேசுறது அவருக்குப் புரியுதான்னே எனக்குச் சந்தேகம்தான்” என்று டாக்டர் கடைசியாகச் சொன்னது தர்மினியின் காதிலேயே நின்றது.

கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

“இன்னும் ஒரு வாரம் பாப்பமே” என்றாள் அம்மா.

“எப்படிம்மா? ஆளு எங்க? ஒங்க இடுப்ப பாருங்க. என்னைப் பாருங்க!”

அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தர்மினி தரையில் மண்டியிட்டு, அப்பாவின் வீங்கிய காலில் செருப்பை மாட்டத் தொடங்கினாள். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

“எனக்குச் சரியான பதில் தெரியும்ப்பா” என்றாள் திடீரென்று. “நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே. போறதுக்கு முன்னாடி ஒழுங்கா சொல்லிடுறேன்.”

குலம் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். அவள் கவனிக்கவில்லை.

“சீனாவுல சண்டைய ஆரம்பிச்சு மாட்டிக்கிட்டாங்க. இந்தோசீனாவுக்குள்ளயும் எறங்கினதும் அமெரிக்கா எண்ணெய நிறுத்திருச்சு. கையில இருந்தது நாளுக்கு நாள் கொறஞ்சுகிட்டே போச்சு. எண்ணெய்க்காகத் தெக்க வரணும், போர்னியோ, சுமத்ரா பக்கம். வந்தா அமெரிக்கக் கப்பல் படை குறுக்க நிக்கும். அதனால அது எழுந்திரிக்கிறதுக்குள்ள அடிச்சிடணும்னு நெனச்சாங்க.”

ஒரு செருப்பு மாட்டியாயிற்று. அடுத்ததை எடுத்தாள்.

“நீண்ட சண்டைன்னா ஜெயிக்க முடியாதுன்னு அவங்க ஆளுங்களுக்கே தெரியும்ப்பா. ஆனா காத்திருந்தா இன்னும் மோசம். கையிருப்பும் போயி, ஒடம்புல இருக்கிற தெம்பும் போயி, கடைசில ஒண்ணுமே செய்ய முடியாம ஒக்காந்து அழணும்.” அவள் குரல் உடைந்தது. “செஞ்சது கொடுமைதான். ஆனா வேற வழியே இல்லப்பா. வேற வழியே இல்ல.”

வேன் டிரைவர் உள்ளே வந்து நின்றார். “போலாமா அக்கா?” என்று கேட்டுவிட்டு, சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார்.

“த…”

டிரைவர் கையை எடுத்துவிட்டார். குலத்தின் இடது கை தர்மினியின் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பற்றியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

“தப்பு.”

அம்மாவின் மடியிலிருந்த பை சரிந்து கைலிகள் தரையில் கொட்டின. தர்மினி நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்பாவின் கண்கள் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன.

“எதுப்பா? சரியாத்தானே சொன்னேன்? எது தப்பு?”

அவர் பொறுமையிழந்து தலையை ஆட்டினார். உதடு கோணியது. வந்த சொல் பாதியில் உடைந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடியும் முயன்றார்.

“வழி… இருந்துச்சு.”