கைவைத்த பாய்

தர்மப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கென்று துரைசாணி சீமையிலிருந்து தருவித்த வெள்ளைக் கவுன்களை, அவள் பார்வையிட வரும் நாளில் எல்லாரும் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்று ஞானாபரணம் வாத்தியார் தொண்டை வறளக் கத்தியிருந்தார். அன்றைக்கும் பிள்ளைகள் பழைய கந்தலிலேயே வந்து நின்றார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள். வாத்தியார் தலையிலடித்துக்கொண்டு கடற்கரைக் குடிசைகளுக்கு ஓடினார்.

"காத்துல கட்டுமரத்துப் பாய் கிழிஞ்சுபோச்சு சார். கவுனெல்லாம் சேத்து ஒட்டுப்போட்டுத் தச்சிட்டோம்" என்றாள் செலஸ்தீனா, பிள்ளைகளில் ஒருத்தியின் தாய்.

"அடிப்பாவி! பள்ளிக்கூடத்தையே மூடிட்டுப் போயிருவாங்களே!"

"பாய் இல்லாம மரம் கடலுக்குப் போவுமா? மரம் போவாம அடுப்பு எரியுமா சார்?"

துரைசாணியின் பல்லக்கு மணலில் இறங்கிய நேரம் பார்த்துத்தானா அந்தக் கட்டுமரம் கரைதிரும்ப வேண்டும்! தைக்கும்போது கவுன்களின் கைகளையாவது வெட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? பாய் முழுக்கச் சின்னச் சின்னக் கைகள், காற்று புகுந்து புடைத்து, கரையைப் பார்த்து ஆடின. வரவேற்புக் கொடி என்று சொல்லிவிடலாமென வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் செலஸ்தீனாவின் மகள் துள்ளிக் குதித்தாள்.

"அந்தா, மேல ஆடுது பாருங்க, என் கவுனு!"

துரைசாணி கடலையே பார்த்தபடி கையை உயர்த்தினாள். அது பதிலுக்கு ஆட்டவா, பல்லக்கைத் திருப்பச் சொல்லவா என்று வாத்தியாருக்குப் பிடிபடவில்லை.