ரைட்டர் மேடம்

"இதைக் கொஞ்சம் கேளேன். மேடம் எவ்வளவு அழகா எழுதியிருக்காங்கன்னு பாரு," என்றார் கணவர், சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை முன்னால் இழுத்தபடி.

மருந்துக்கடை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. மேடம் என்ற சொல் காதில் விழுந்தாலே கொஞ்ச நாளாக அவளுக்கு வயிறு எரிந்தது.

அவர் வாய்விட்டுப் படித்தார். "'உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போடுகிறார். மறுநாள், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். ஆனால் இருபது பேர் போனில் அது பத்திரமாக இருக்கிறது. ஒரு போனில் அழித்தால் மற்ற பத்தொன்பதும் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயின் என்பது அவ்வளவுதான்.' எப்படி?"

"இதுல என்ன பெரிசா இருக்கு? யார் வேணா எழுதலாம்."

"எழுதிப் பார்த்தாத்தானே தெரியும்," என்று அவர் சிரித்தார்.

இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனி, போட்டோ ஸ்டூடியோ ஒன்றின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தது. மருந்துப் பெட்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியதிலிருந்து கடைக்கு வரும்வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் பிளாக்செயினில் பதிவது அவர்கள் வேலை. போலி மருந்து நடுவில் நுழைய முடியாது. நல்ல யோசனைதான். ஆனால் அதைப் பிறருக்கு விளங்கும்படி சொல்ல மூவருக்குமே வரவில்லை.

முதலில் மனைவிதான் எழுதித் தருவதாகச் சொன்னாள். மூன்று பக்கம் எழுதியும் கொடுத்தாள். நாலு வரி படித்தவர், வீட்டுக் கடிதம் மாதிரி இருக்கிறது, இதெல்லாம் உனக்கு எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு ஓர் எழுத்து நிறுவனம் கிடைத்தது. கிரிப்டோ, பிளாக்செயின் என்று புதிதாகக் கிளம்புகிறவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வலைப்பதிவு எழுதித் தருகிற இடம். எழுதுகிறவர் பெயரோ போன் நம்பரோ தர மாட்டார்கள். பேச்செல்லாம் அவர்கள் தளத்தில் எழுத்தில் மட்டும். எழுதுவது ஒரு பெண் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துபோய், அன்றிலிருந்து கணவருக்கு அந்தப் பெண் ரைட்டர் மேடம்.

ஒன்றரை வருடத்தில் பேச்சு கட்டுரையைத் தாண்டிவிட்டது. ராத்திரி தூக்கம் வராததையும், கம்பெனியை மூடிவிடலாமா என்று தோன்றுவதையும் அவர் மேடத்துக்கு எழுதினார். மனைவி கேட்டால் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்பார். அந்தச் செய்திகளை அவள் ஒன்று விடாமல் படித்திருந்தாள். அது அவருக்குத் தெரியாது.

"அவளுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டாள் இப்போது.

"தெரியல. கேட்டதில்ல."

"கல்யாணம் ஆனவளா?"

"அதையெல்லாம் நான் எதுக்குக் கேக்கப் போறேன்?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா வீட்டுல அவங்களை யாரோ நல்லா வச்சிருக்கணும். மனசு நிறைஞ்சு இருக்கறவங்களாலதான் இப்படி எழுத முடியும்."

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தாள்.

அவர் கவனிக்கவில்லை. முதலீடு செய்ய வருகிறவர் மேடத்தின் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் சம்மதித்தாராம். திங்கட்கிழமை கையெழுத்தாம். அதனால் மேடத்தைக் கம்பெனிக்கே கூப்பிட்டுப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நண்பர்களும் சொல்லிவிட்டார்களாம். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். கல்யாணமான புதிதில் அந்த வெளிச்சத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"ஏன்? உனக்குப் பொறாமையா?" விளையாட்டாகத்தான் கேட்டார்.

"ஆமா," என்றாள்.

அவர் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பத்து வருடத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை.

"நான் எழுதினதை ஒரே ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் படிச்சிருக்கீங்களா?"

அவர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நீயும் அவங்களும் ஒண்ணாம்மா? அவங்க வேற. என்னை அவங்க அளவுக்குப் புரிஞ்சுக்கிட்டவங்க யாரும் கிடையாது. இந்த ஒரு விஷயத்துல மட்டும் குறுக்க வராதே."

அவள் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். வெளியே அவர் விசைப்பலகையில் வேகமாகத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டி முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

'மேடம், எங்கள் கம்பெனியில் பங்குதாரராகச் சேர முடியுமா? நீங்கள் இல்லாமல் என்னால் முடியாது' என்று அவர் எழுதியிருந்தது அவள் போனில் வந்து நின்றது. மருந்துக்கடை வேலை போக, அவருக்குத் தெரியாமல் அந்த எழுத்து நிறுவனத்திலும் சேர்ந்து, முதல் வாரமே அவர் கம்பெனிக்கு எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கி, ஒன்றரை வருடமாக அவருக்கு மேடமாக இருந்து எழுதியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் போட்டாள்: 'மன்னிக்கவும் சார். இனி உங்களுக்கு எழுத முடியாது. உங்கள் மனைவிக்குப் பிடிக்கவில்லை.'