வரியின் கடைசியில்

"அந்த வரியை எழுதினது யாருன்னு இப்பவே தெரிஞ்சாகணும்" என்றார் பூபாலன், குழுவின் வீடியோ அழைப்பில்.

கோவளத்தில், வீட்டு மாடியில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் ரிஃபானா. எழுதினது அவள்தான்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் நேற்று எழுதியது, போன வாரம் எழுதியது என்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைக்க ஒரு இலவச மென்பொருள். அதன் தமிழ் வழிகாட்டியை எழுதுகிற குழு இது. பழைய நிலைக்குத் திரும்ப இந்தக் கட்டளையைப் போடுங்கள் என்று அவள் எழுதிய வரியை நம்பி, மதுராந்தகத்துப் பெண் ஒருத்தி போட்டுவிட்டாள். இன்னும் சேமிக்காத காலேஜ் புராஜெக்ட் மொத்தமும் போச்சு.

சேமிக்காதது அழிந்துவிடும் என்று எச்சரிக்கை போட ரிஃபானா மறந்திருந்தாள்.

பிளஸ் ஒன்னோடு படிப்பை விட்டவள். நாவலூரில் தன் ஆபீசிலேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார் பூபாலன். திங்கட்கிழமை சேரணும். இனி எங்கே சேர்வது?

மறைக்கவும் முடியாது. யார் எழுதியது என்று மென்பொருளையே கேட்டால் போதும், ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் காட்டிவிடும். அந்த வசதியைப் பற்றி வழிகாட்டியில் பக்கம் எழுதினதும் இவளேதான்.

போதாததற்கு ஜானகிராமன் வேறு. செங்கல்பட்டுக்காரர், சிடுமூஞ்சி. எல்லோரும் எழுதுவதைப் பார்த்து ஏற்கிற பொறுப்பு அவருடையது. வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் அதிகமா இருக்கு என்று போன மாசம் அவள் பக்கத்தையே திருப்பி அனுப்பினார். கண்ணுக்கே தெரியாதே சார் என்றதற்கு, "தெரியாத குப்பையும் குப்பைதாம்மா" என்றார். இன்னிக்கு அந்த மனுஷன் விடுவாரா?

நாமே சொல்லிவிடுவது மேல். மைக்கைத் திறந்தாள்.

"சார், அது வந்து..."

"பெரியவங்க பேசிகினு இருக்கோம்ல. மைக்கை மூடு" என்று கடுகடுத்தார் ஜானகிராமன்.

மூடினாள்.

பூபாலன் கட்டளையைப் போட்டார். எல்லோர் திரையிலும் அந்த வரி வந்தது. அவர் பார்த்தது பக்கத்திலிருந்த பெயரை மட்டும்தான்: ஜானகிராமன்.

"இன்னா சார் இது, நீங்களா?"

"பேர் இருக்குல்ல. அந்த மதுராந்தகத்துப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன். பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜானகிராமன் அழைப்பிலிருந்து விலகினார்.

ரிஃபானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவசர அவசரமாக அந்த வரியின் வரலாற்றைத் திறந்தாள். புகார் வந்த பிறகு, இன்று காலையில்தான், ஜானகிராமன் அதைத் தொட்டிருந்தார்.

ஒரு எழுத்துகூட மாறவில்லை. வரியின் கடைசியில் ஒரே ஒரு ஸ்பேஸ் சேர்த்திருந்தார்.