முதல் பந்தி

"நீ முதல்ல சாப்டு."

ஸ்ரீகண்டன் தன் முன்னால் விரித்திருந்த வெறும் இலையை மனைவி லலிதாம்பாளின் பக்கம் தள்ளினார். வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்து இலைக்குப் பக்கத்தில் 'டக்'கென்று வைத்தார்.

பச்சை மாங்காய் போல ஒரு காய். ஒதளங்காய். அதன் பருப்பு ஆளைக் கொல்லும் என்பது திருவனந்தபுரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

லலிதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அரிசி டப்பாவுக்குப் பின்னாலே ஒளிச்சு வெச்சா நேக்குத் தெரியாதோ? வஞ்சியூர் கோர்ட்டிலே நான் பாக்காத விஷக் கேஸா, கேட்டியா? உக்காரு. இன்னிக்கு நான் பரிமாறறேன். நீ தின்னு காட்டு."

ஒரு மாதமாக அவருக்கு இந்த வலி. சாப்பிட்டு அரைமணி ஆனால் போதும், தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும். கட்டிலில் சுருண்டுவிடுவார். சர்க்கரை வியாதி பல வருஷமாக இருக்கிறது. அது பாட்டுக்கு இருந்தது. இந்த வலிதான் புதிது. ஆள் இளைத்து, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே வந்ததும், "டாக்டர் என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"மாத்திரையை விடாம போட்டுக்கணுமாம்" என்றாள் லலிதாம்பாள்.

அவ்வளவுதானா? ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்குக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது. அதற்கு மேல் இந்தக் காய்.

லலிதாம்பாள் இலை முன் உட்கார்ந்தாள்.

வலியசாலையில் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் இப்படி உட்கார்ந்ததில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவருடைய இலையில், ஆறிப்போனதைச் சாப்பிடுவாள். அதுதான் முறை என்பார். தெருவில் மற்ற வீடுகளில் அந்த முறை எப்போதோ போய்விட்டது. இங்கே போகவில்லை. கூட்டில் உப்பு ஒரு கல் குறைந்தால் இலையிலேயே கை கழுவுவார்.

அன்றும் அவளுக்கு அவருடைய இலைதான், ஆனால் அவர் இன்னும் கை வைக்காத இலை.

ஆவி பறக்கும் சோற்றை அவர் போட்டார். நெய் விட்டார். எரிசேரி, ரசம், மோர், எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொன்றாக ஊற்றினார். பப்படத்தை அவள் ஒடித்தாள். சடசடவென்று நொறுங்கியது. அவளுடைய முறை வரும்போது பப்படம் எப்போதும் நமுத்திருக்கும்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடுங்கோ."

முறைத்துக்கொண்டே போட்டார். சுவர்க் கடிகாரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவளுக்கு ஒரு ஏப்பம் வந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

அவருக்கு இலை எடுக்க எழுந்தாள்.

"தொடாதே! புது இலையிலே என்னத்தைத் தடவி வெச்சிருக்கியோ. நீ தின்ன இலை போறும் நேக்கு."

"எச்சிலாச்சேன்னா..."

"இருக்கட்டும். தள்ளு இந்தப் பக்கம்."

பாத்திரத்தில் மிச்சம் இருந்தது இரண்டு கரண்டிச் சோறு. ஆறியிருந்தது. நமுத்த பப்படத்தை ஸ்ரீகண்டன் மென்றார். சத்தமே வரவில்லை. வராத அந்தச் சத்தத்தை லலிதாம்பாள் காது கொடுத்துக் கேட்டாள்.

அரைமணி ஆயிற்று. வலி வரவில்லை.

முக்கால் மணி. வரவில்லை.

ஸ்ரீகண்டன் தொடையைத் தட்டிக்கொண்டார். "பாத்தியா! பரிமாறறச்சேதான் கலந்திருக்கே. என் கண்ணு முன்னாடி முடியலை. இனிமே தினம் இப்படித்தான். முதல்லே நீ, அப்புறம் நான், அதே இலையிலே. அந்தக் காயைக் கொண்டு தொலை!"

"சரின்னா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில், அவர் உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கையில், டாக்டர் மாளவிகா அவளை ஓரமாக அழைத்துச் சொன்னாள். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டால் வலிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். "குறச்சு குறச்சு கொடுத்தா மதி, அம்மே. வலி வராது."

லலிதாம்பாள் காயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குழாயடியில் கழுவினாள். தோலில் ஒரு நகக்கீறல்கூட இல்லை. இத்தனை விஷக் கேஸ் பார்த்தவர் அதை மட்டும் பார்க்கவில்லை.

ஈரம் போகத் துடைத்தாள்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். போன தடவை வைத்த மாதிரியே, பாதி வெளியே தெரியும்படி.